வெடித்த ஃபயர்பாலை முறிக்க முடியாது

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், ஆளுக்கொரு கதாபாத்திரமாகிப் பகடை உருட்டிக் கதை போல ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டைப் பற்றி அரைப் பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். இதைப் பற்றித் தமிழில் யாராவது எழுத மாட்டார்களா என்று காத்திருந்தவள் நான். மிக்க நன்றி. ஆனால், “எதிரி ஏவும் எந்த மந்திரத்தையும் டிஸ்பெல் மேஜிக் ரத்து செய்துவிடும்” என்ற ஒரு வரி, அன்று மாலையே எங்கள் வீட்டில் சண்டை மூட்டிவிட்டது.

நான் கணக்கு டீச்சர். ஞாயிறு தோறும் என் மகளும் அவள் தோழிகள் மூன்று பேரும் கூடத்தில் பாய் விரித்து உட்காருவார்கள்; ஆட்டத்தை நான் நடத்துவேன். அன்று எதிரி மந்திரவாதி ஃபயர்பால் என்ற தீப்பந்து மந்திரத்தை ஏவினான். ஆறு முகப் பகடைகள் எட்டையும் சேர்த்து உருட்டினேன், சேதம் 31 விழுந்தது. உடனே ஒரு தோழி, நான்காக மடித்து வைத்திருந்த உங்கள் பத்திரிகையை எடுத்துக் காட்டி, “ஆன்ட்டி, நான் டிஸ்பெல் போடுறேன். பேப்பர்லயே போட்டிருக்கு” என்றாள். “அது முடியாதும்மா” என்றேன். அவளுடைய பாத்திரம் தீயில் சுருண்டு விழுந்தது. அவள் கண் கலங்கிவிட்டது.

பட்டாசை வைத்துத்தான் அவளுக்கு விளக்கினேன். திரியில் நெருப்பு வைக்கப் போகிற கையைத் தட்டிவிடுவது கவுண்டர்ஸ்பெல் என்ற இன்னொரு மந்திரம். எதிரி மந்திரம் போடும் அந்த நொடியிலேயே, நம் முறை வரும்வரை காத்திராமல், அதைப் போட வேண்டும். அவன் 60 அடிக்குள் இருக்க வேண்டும், நம் கண்ணில் படவும் வேண்டும். கை அசைவு போதும். வாயைக் கட்டிப்போட்டிருந்தாலும் போடலாம். டிஸ்பெல் மேஜிக் அப்படியல்ல. ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும் விளக்கை அணைப்பது அது. 120 அடி வரை எட்டும். நண்பனை மயக்கி வைத்திருக்கும் மந்திரத்தையோ, கதவைப் பூட்டி வைத்திருக்கும் மந்திரத்தையோ அதனால் முடிக்கலாம். ஃபயர்பால் நொடியில் வெடித்து முடிந்துவிடும். அப்புறம் மிஞ்சுவது புண்தான், அதில் மந்திரம் இல்லை. மந்திர வாளை டிஸ்பெல் மேஜிக்கால் வெறும் வாளாக்கவும் முடியாது.

கட்டுரை இவற்றோடு சேர்த்துச் சொன்ன ஆன்டிமேஜிக் ஃபீல்ட் என்ற மந்திரம் எதையும் முறிப்பதில்லை. போட்டவரைச் சுற்றி 10 அடிக்குள் மந்திரங்களை அடக்கி வைக்கும், அவ்வளவுதான். குடத்துக்குள் வைத்த விளக்கு போல வெளிச்சம் தெரியாது, ஆனால் எண்ணெய் தீர்ந்துகொண்டே இருக்கும். அதாவது, அடங்கிக் கிடக்கும் நேரமும் அந்த மந்திரத்தின் ஆயுளில் கழியும். அந்த வட்டத்துக்குள் மந்திர வாளும் சாதாரண வாள்தான்.

பகடைக் கணக்கிலும் ஒரு பிழை. மந்திரங்களுக்கு வலிமையைப் பொறுத்து நிலைகள் உண்டு. 2014 விதிப்படி, மூன்றாம் நிலையில் போடும் கவுண்டர்ஸ்பெல் மூன்றாம் நிலை வரையுள்ள மந்திரத்தைப் பகடை இல்லாமலே முறிக்கும். அதற்கு மேல் போனால், மந்திரத்தின் நிலையோடு 10 கூட்டினால் வருவதை எட்ட வேண்டும். ஐந்தாம் நிலை என்றால் 15. புத்திக் கூர்மைக்காகப் பகடை எண்ணோடு 4 கூட்டிக்கொள்ளும் மந்திரவாதி, இருபது முகப் பகடையில் 11 அல்லது அதற்கு மேல் போட வேண்டும்: சரியாகப் பாதிக்குப் பாதி. கட்டுரையாளர், பயிற்சி பெற்ற செயல்களுக்குக் கிடைக்கும் தேர்ச்சிப் புள்ளி 3-ஐயும் கூட்டி, 8 போட்டால் போதும் என்கிறார். அது 65 சதவீதம். சில பாத்திரங்களுக்குத் தனிச் சலுகை உண்டே தவிர, பொது விதியில் அந்த 3 கிடையாது.

2024-இல் வந்த புதிய விதியில் இந்தக் கணக்கே கிடையாது. யாருடைய மந்திரத்தைக் கவுண்டர்ஸ்பெல் முறிக்கப் பார்க்கிறதோ, அவர்தான் தன் உடல்திடத்தை வைத்துப் பகடை உருட்டித் தப்ப வேண்டும். தோற்றால் மந்திரம் கலைந்துவிடும், ஆனால் அதற்காக எடுத்த ஸ்லாட், அதாவது மந்திரம் போடும் வாய்ப்பு, செலவாகாமல் அவரிடமே இருக்கும். எந்த ஆண்டின் விதி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் குழப்பமே வந்திருக்காது.

வரும் ஞாயிறு இணைப்பில் சின்னதாக ஒரு திருத்தம் வெளியிடுங்கள். அந்தப் பெண் என் வார்த்தையை இன்னும் முழுதாக நம்பவில்லை. நீங்கள் அச்சடித்ததை நம்புகிறாள். மாலை நான்கு மணிக்கு மறுபடி ஆட்டம் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
திருச்சி