எட்டு வாரத்துக்குப் பிறகு என்ன ஆனது என்றும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டை விட்டு வெளியே வரப் பயப்படுகிறவர்களுக்கு கம்ப்யூட்டர் காட்சிகளை நிஜம் போலக் காட்டும் வி.ஆர். கண்ணாடி மாட்டிவிட்டுச் சிகிச்சை தருவதைப் பற்றி, சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் மருத்துவப் பக்கத்தில் ஒரு கட்டுரை வந்திருந்தது. அகோராஃபோபியா என்ற நோயைப் பற்றித் தமிழ் நாளிதழில் இவ்வளவு விரிவாகப் படித்ததே எனக்குப் பெரிய சந்தோஷம். கூட்டம், பஸ், பாலம், வரிசை என்று எங்கே படபடப்பு வந்தால் தப்பிக்க முடியாதோ, எங்கே உதவிக்கு ஆள் கிடைக்காதோ, அந்த இடங்களையெல்லாம் ஒவ்வொன்றாக ஒதுக்கிக்கொண்டே வந்து கடைசியில் வீட்டுக்குள்ளேயே முடங்கிப்போக வைக்கும் நோய் இது. எங்கள் பக்கத்தில் "அந்தம்மா வெளியவே வராது" என்று சொல்லி அதோடு விட்டுவிடுவார்கள். சிகிச்சை இருக்கிறது என்று தெரிவதே பலருக்கு முதல் செய்தி.

ஆனால் கட்டுரையில் முக்கியமான இரண்டு விஷயங்கள் விட்டுப்போயிருக்கின்றன. நான் அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது பாளையங்கோட்டையில் அண்ணனின் மெடிக்கல் கடையைப் பார்த்துக்கொள்கிறேன். புது மருந்து என்று மருந்துக் கம்பெனி ரெப் கொண்டுவந்து நீட்டும் வழவழப்பான தாளில் நான் முதலில் தேடுவது இரண்டைத்தான். எதோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள்? சிகிச்சையை நிறுத்திய பிறகு எத்தனை மாதம் கவனித்தார்கள்? இந்த இரண்டும் தெரியாமல் "பலன் தந்தது" என்ற வரிக்குப் பொருளே இல்லை.

நீங்கள் குறிப்பிட்ட ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வையே எடுத்துக்கொள்வோம். டேனியல் ஃப்ரீமன் தலைமையில் நடந்தது, 'கேம்சேஞ்ச்' என்று பெயர், 2022-இல் லான்செட் சைக்கியாட்ரி என்ற மருத்துவ இதழில் வெளிவந்தது. இங்கிலாந்தில் 346 பேர் கலந்துகொண்டார்கள். அவர்கள் எல்லோரும் சைக்கோசிஸ் என்ற தீவிர மனநோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்தவர்கள். அதோடு வெளியே போகவும் பயந்தவர்கள். கட்டுரையைப் படித்தால் படபடப்பு உள்ள எல்லோருக்கும் செய்த சோதனை என்று தோன்றுகிறது, அது சரியில்லை. கண்ணாடிக்குள் கஃபே, பஸ், டாக்டரின் காத்திருப்பு அறை, கடை, தெரு எல்லாம் வரும். கூடவே மனநலப் பணியாளர் ஒருவர் பக்கத்தில் இருந்தார். ஆறாவது வாரத்தில் பயமும் ஒதுங்கலும் குறைந்தன. சராசரியாகப் பார்த்தால் அந்தக் குறைவு சிறியது. மிக மோசமாக முடங்கியிருந்தவர்களுக்கு அதிகம். நல்ல ஆய்வுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் வழக்கமான சிகிச்சையோடு மட்டும் இருந்தவர்களோடுதான் ஒப்பிட்டார்கள். நிஜத் தெருவில், நிஜ பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய்ப் பழக்கியவர்களோடு ஒப்பிடவில்லை. விலை கூடிய கருவியை நம் மாவட்ட மருத்துவமனைக்கு வாங்குங்கள் என்று எழுதும் முன் இதைச் சொல்லியிருக்க வேண்டாமா?

இந்தக் கேள்வியை நான் விடாமல் பிடித்துக்கொள்வதற்குக் காரணம் அல்பிரஸோலம் என்ற படபடப்பை அடக்கும் மாத்திரை. கடையில் அதற்குத் தனிப் பதிவேடு வைத்திருக்கிறோம். அது எச்-1 பட்டியல் மருந்து. எழுதிய டாக்டர் பெயர், வாங்குகிறவர் பெயர், எத்தனை மாத்திரை என்று குறித்து மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டைப் புரட்டினால் ஒரே பெயர் மாதா மாதம் வரும். "நெஞ்சு படபடங்குது, அதுக்குத்தான்" என்று சீட்டை நீட்டுவார்கள். முதல் சீட்டு எழுதிய வருஷம் அவர்களுக்கே ஞாபகம் இருக்காது.

இந்த மாத்திரை, திடீர் திடீரென்று படபடப்பும் பயமும் பெருகும் பேனிக் நோய்க்கு நல்லது என்று உலகம் ஒப்புக்கொண்டது எப்படி? 1980-களில் மருந்தைத் தயாரித்த அப்ஜான் கம்பெனியின் பணத்தில் பல நாடுகளில் பெரிய ஆய்வு நடந்தது. எட்டு வாரம். மருந்தே இல்லாத வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டார்கள். அல்பிரஸோலம் சாப்பிட்டவர்கள் சீக்கிரம் தேறினார்கள். 1990-இல் அமெரிக்க அரசு பேனிக் நோய்க்கு அனுமதியும் தந்தது. சொன்னது பொய்யில்லை. அளந்து பார்ப்பதை எட்டாவது வாரத்தோடு நிறுத்திக்கொண்டால் அதுதான் உண்மை.

லண்டனில் மாட்ஸ்லி மருத்துவமனையில் ஐசக் மார்க்ஸ் என்ற மனநல மருத்துவர் இருந்தார். அவரும் டொரொன்டோ மருத்துவர்களும் சேர்ந்து செய்த ஆய்வு 1993-இல் வெளிவந்தது. பேனிக்கும் அகோராஃபோபியாவும் சேர்ந்திருந்த 154 பேர், நான்கு பிரிவு. ஒரு பிரிவுக்கு அல்பிரஸோலமும், பயந்த இடத்துக்கே போய் நிற்கும் பயிற்சியும். இன்னொன்றுக்கு அல்பிரஸோலமும் வெறும் தளர்வுப் பயிற்சியும். மூன்றாவதுக்கு வெற்று மாத்திரையும் வெளியே போகும் பயிற்சியும். நான்காவதுக்கு வெற்று மாத்திரையும் தளர்வுப் பயிற்சியும். மருந்தைக் குறைவாகக் கொடுத்தார்கள் என்றும் சொல்ல முடியாது. சராசரி நாளைக்கு 5 மில்லிகிராம். நம் கடைகளில் 0.25, 0.5 என்று விற்கும் மாத்திரையை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். எட்டு வாரத்தில் மாத்திரையை விட வெளியே போகும் பயிற்சி இரண்டு மடங்கு பலன் தந்தது. பிறகு மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தி, 43-வது வாரம் வரை கவனித்தார்கள். பயிற்சி எடுத்தவர்களுக்குக் கிடைத்தது நிலைத்தது. மாத்திரையால் கிடைத்தது மாத்திரையோடு போனது. இரண்டையும் சேர்த்து எடுத்தவர்கள், வெற்று மாத்திரையோடு பயிற்சி எடுத்தவர்களை விடப் பின்னால் மோசமாக இருந்தார்கள். நான் இதை முதன்முதலில் படித்தபோது இந்த இடத்தில்தான் அதிர்ந்துபோனேன்.

2000-இல் ஜாமா இதழில் டேவிட் பார்லோவும் மற்றவர்களும் எழுதிய ஆய்வும் ஏறக்குறைய அதே மாதிரி. 312 பேர், மருந்து மனச்சோர்வுக்கும் தரும் இமிப்ரமின். மருந்து, பேச்சும் பயிற்சியும் சேர்ந்த சிகிச்சை, இரண்டும் சேர்ந்தது எல்லாமே வெற்று மாத்திரையை விட நன்றாகத்தான் இருந்தன. எல்லாவற்றையும் நிறுத்தி ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, பயிற்சியோடு இமிப்ரமினும் எடுத்தவர்களைவிட, இமிப்ரமின் இல்லாமல் பயிற்சி எடுத்தவர்கள் நன்றாக நிலைத்திருந்தார்கள்.

இதெல்லாம் தாளில் இருக்கும் எண்கள். எனக்கு இது உறைத்தது என் மதினியால். கடைக்குப் பின்னால்தான் அவர்கள் வீடு. பிள்ளைகள் கல்யாணமாகிப் போன பிறகு முதலில் ஆனித் தேரோட்டத்துக்கு வரமாட்டேன் என்றார்கள், பிறகு ஜங்ஷனுக்கு, பிறகு ரேஷன் கடைக்கு. இ.சி.ஜி., எக்கோ, தைராய்டு எல்லாம் எடுத்தாயிற்று, ஒன்றும் இல்லை. ஒரு டாக்டர் எழுதிக்கொடுத்த அல்பிரஸோலம் வருஷக்கணக்காக ஓடியது. வாசல்படிவரை வரும்போதும் ஒரு கையில் தண்ணீர் பாட்டில், இன்னொரு உள்ளங்கையில் எலுமிச்சம்பழம். மயக்கம் வந்தால் மோந்துபார்க்க.

பிறகு ஒரு மருத்துவமனையில் மனநல மருத்துவரும், அவரோடு இருந்த உளவியலாளர் பெண்ணும் பார்த்தார்கள். அந்தப் பெண் ஒரு பள்ளிக்கூட நோட்டில் ஏணி மாதிரி இடங்களை எழுதச் சொன்னாள். கீழே வாசல், பிறகு தெருமுனை, ரேஷன் கடை, வண்ணார்பேட்டை, மேலே சுலோச்சனா முதலியார் பாலம், அதற்கும் மேலே தனியாக டவுன் பஸ். ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு எத்தனை பயம் என்று மார்க். ஒரு படியில் பயம் பாதியாக இறங்கும்வரை திரும்பக்கூடாது. அதுதான் சட்டம்.

பாலத்தில் நான்தான் கூட நின்றேன். ஆற்றுக்காற்று, பக்கத்தில் பஸ் ஒவ்வொன்றும் போகும்போது கைப்பிடிச்சுவர் அதிரும். மதினி சுவரை இறுக்கிப் பிடித்த விரல்கள் வெளுத்துவிட்டன. முகமெல்லாம் வேர்வை. "எனக்கு நெஞ்சை அடைக்கு, வீட்டுக்குப் போயிருவோம்" என்றார்கள். "எத்தனை மார்க் மதினி?" "தொண்ணூறு. எதுக்கு இப்ப மார்க்கு?" கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டேன், எண்பத்தைந்து. இன்னும் கொஞ்ச நேரம். கீழே துணி துவைக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் கேட்காமலே "அறுபது இருக்கும்" என்றார்கள். அப்புறம் "நாப்பது. போவோமா, கால் வலிக்கு" என்றார்கள். மாத்திரை போடாமல் அந்தப் பயம் தானாக இறங்கியதை அவர்கள் அன்றுதான் பார்த்தார்கள்.

எலுமிச்சம்பழத்தை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொன்னபோதுதான் பெரிய சண்டை. "அந்தப் புள்ளைக்கு என்ன தெரியும், பழம் என்ன செய்யும்?" என்று கேட்டார்கள். பழம் ஒன்றும் செய்யாது. பழம் இருந்ததால்தான் மயங்கவில்லை என்ற நம்பிக்கைதான் நோயைக் காப்பாற்றுகிறது. பால் சல்கோவ்ஸ்கிஸும் ஆக்ஸ்ஃபோர்டு குழுவும் 1999-இல் இதைச் சின்ன ஆய்வாகச் செய்து காட்டியிருக்கிறார்கள். வெளியே போனது இரண்டு பிரிவும்தான். இப்படிப்பட்ட பிடிமானங்களை விட்டுவிட்டுப் போனவர்களுக்குப் பயம் அதிகம் குறைந்தது. 1871-இல் பெர்லினில் கார்ல் வெஸ்ட்ஃபால் இந்த நோய்க்குப் பெயர் வைத்தபோது எழுதிய நோயாளிகளுக்கும் கூட ஆள் வந்தால் பயம் குறைந்ததாம். அதனால்தான் கடைசிப் படியில் நான் கூடப் போகவில்லை. மதினி தனியாக டவுன் பஸ் ஏறி நெல்லையப்பர் கோயிலுக்குப் போய்விட்டு வந்தார்கள்.

காசநோய்க்குத் தரும் சைக்ளோசெரின் மாத்திரையைப் பயிற்சிக்கு முன் கொடுத்தால் பயம் சீக்கிரம் போகும் என்று 2004-இல் அமெரிக்காவில் உயரத்துக்குப் பயந்தவர்களிடம் செய்த சிறு சோதனையையும் உங்கள் கட்டுரை புகழ்கிறது. பிறகு வந்த பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்ததில் கூடுதல் பலன் சொற்பம் என்றுதான் தெரிந்தது. அதையும் எழுதியிருக்கலாம்.

நான் மாத்திரைக்கு எதிரி இல்லை. செர்ட்ரலின், எஸ்ஸிடலோபிராம் போன்றவை பலருக்கு உதவுகின்றன. டாக்டர்கள் முதலில் தருவதும் அவற்றைத்தான். இதைப் படித்துவிட்டு யாரும் அல்பிரஸோலத்தைத் திடீரென்று நிறுத்திவிடவும் கூடாது. வலிப்புவரை கொண்டுபோய்விடும். டாக்டர் சொல்லும் அளவில் மெதுவாகத்தான் இறக்க வேண்டும். மதினிக்கும் அப்படித்தான் இறக்கினார்கள். யாருக்கு அவசரம் என்றாலும் அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416 இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

"இதற்கெல்லாம் இங்கே உளவியலாளர் எங்கே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16-இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் எடுத்த கணக்கில், மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான மனநோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் சிகிச்சையே பெறவில்லை என்று தெரிந்தது. ஆனால் இந்தப் பயிற்சிக்குப் பெரிய பட்டம் வேண்டாம் என்பதையும் ஆய்வுகளே சொல்கின்றன. ஐசக் மார்க்ஸ் 1970-களிலேயே மாட்ஸ்லியில் நர்ஸ்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்து, அவர்களையே சிகிச்சை தரவைத்தார். 1980-களில் அவர் குழு, மருத்துவர் வழிகாட்டி வெளியே போனவர்கள், கம்ப்யூட்டர் வழிகாட்டிப் போனவர்கள், புத்தகம் படித்துப் போனவர்கள் மூவரையும் ஒப்பிட்டது. மூவரும் ஏறக்குறைய ஒரே அளவு தேறினார்கள். கோவாவில் விக்ரம் படேல் குழு 2010-இல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவம் படிக்காத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி தந்து மனச்சோர்வும் பதற்றமும் உள்ளவர்களைப் பார்க்கவைத்தார்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் பலன் நன்றாகத் தெரிந்தது. அது இந்தப் பாலப் பயிற்சி இல்லைதான். ஆனாலும் ஆள் இல்லை என்ற சாக்கு அங்கே உடைந்தது.

நம்மிடம் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது. பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவரும் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். வெளியே வரமுடியாத பெண் இருக்கும் வீட்டு வாசலில் ஏற்கெனவே நிற்கிறவர்கள் அவர்கள்தான். அவர்களுக்கு அந்த நோட்டையும் மார்க்கையும் கற்றுக்கொடுத்து, மாவட்ட மனநலத் திட்டத்து மருத்துவரின் கண்காணிப்பில் ஓர் ஆய்வு நடத்த வேண்டும். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை, பாதிப் பேருக்கு வெளியே போகும் பயிற்சியும். முடிந்த பிறகு ஒரு வருஷம் வரை கவனிக்க வேண்டும். வி.ஆர். கண்ணாடிக்கு ஆகும் செலவு இதற்கு ஆகாது.

உங்களிடம் ஒரு கோரிக்கை. இனி எந்தச் சிகிச்சை ஆய்வைப் பற்றி எழுதினாலும் எதோடு ஒப்பிட்டார்கள், யார் பணம் கொடுத்தார்கள், நிறுத்திய பிறகு எவ்வளவு நாள் பார்த்தார்கள் என்ற மூன்றையும் கட்டுரையில் சேர்க்கச் சொல்லுங்கள். நான் சொன்ன மாதிரி ஓர் ஆய்வை மருத்துவக் கல்லூரி மனநலத் துறையினர் யாராவது நெல்லையில் தொடங்கினால், எங்கள் கடைக்குச் சீட்டோடு வருகிறவர்களிடம் தகவல் சொல்லி அனுப்ப நான் தயார். முதல் கூட்டத்துக்கு மதினியும் வந்து பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மருந்தாளுநர்,
பாளையங்கோட்டை