ஹெலிகாப்டர் வருவதற்குள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பனிச்சரிவுச் செய்தி போடும்போதெல்லாம் கடைசியில் 'மீட்புக் குழுவினர் விரைந்துள்ளனர்' என்று ஒரு வரி சேர்த்துவிடுகிறீர்கள். கனடாவின் கால்கரியில் இருந்துகொண்டு குளிர்காலத்தில் நண்பர்களோடு பக்கத்து மாகாணமான பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைகளில் ஸ்னோமொபைல் (பனியில் ஓடும் மோட்டார் வண்டி) ஓட்டப் போகிற எனக்கு அதைப் படித்தாலே எரிச்சல் வருகிறது. அவர்கள் வந்து சேரும் நேரத்துக்குப் பெரும்பாலும் உடலைத்தான் எடுக்க முடியும்.

நம்மவர்களுக்குப் பனிச்சரிவு என்றால் 2016 பிப்ரவரி சியாச்சின்தான். மெட்ராஸ் ரெஜிமெண்ட் வீரர்கள் 10 பேர் புதைந்தார்கள், ஹனுமந்தப்பாவை ஆறாம் நாள் உயிரோடு எடுத்தார்கள், பிறகு அவரும் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அதை வைத்து, பனிக்குள் நாள் கணக்கில் தாக்குப்பிடிக்கலாம் போல என்று என் சித்தப்பாவே கேட்டார். அது அபூர்வத்திலும் அபூர்வம். முழுதாகப் புதைந்தவருக்கு முதல் 10 நிமிடம்தான் நல்ல வாய்ப்பு, அப்புறம் மளமளவென்று குறைந்துவிடும், ஏனென்றால் விட்ட மூச்சையே திரும்ப இழுக்க வேண்டும், அந்த ஈரம் முகத்தைச் சுற்றிக் கட்டியாக உறைந்து வெளிக்காற்றையும் அடைத்துவிடும். சிக்னல் இல்லாத மலையில் சாட்டிலைட் கருவியில் தகவல் சொல்லி முடிப்பதற்குள்ளேயே அந்த 10 நிமிடம் போய்விடும். ஆக, தோண்ட வேண்டியது கூட வந்தவன்தான்.

அதற்கு ஆளுக்கு மூன்று சாமான் வேண்டும்: 457 கிலோஹெர்ட்ஸில் சிக்னல் விடும், புதைந்தவரின் சிக்னலைத் தேடவும் செய்யும் பீக்கன், குத்திப் பார்க்கும் மடக்குக் கம்பி, ஷவல். சரிவில் ஊதிக்கொண்டு ஆளைப் பனிக்கு மேலே வைக்கப் பார்க்கும் ஏர்பேக் பை இருந்தால் நல்லதுதான், ஆனால் அது அடுத்தவனைத் தோண்டாது. போன வருடம் வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு பீக்கனைப் பையில் போட்டுப் புதைத்துப் பழகினோம். தேடுகிறவரின் பீக்கன் திரையில் தூரம் காட்டும் எண் குறையக் குறையக் குனிந்து, கடைசியில் பனியை உரசுகிற மாதிரி பீக்கனைப் பிடித்து, எண் மிகக் குறைந்த இடத்தில் கம்பியைக் குத்த வேண்டும். தட்டுப்பட்டதும் கம்பியை உருவாமல், சரிவின் கீழ்ப்பக்கம் தள்ளி நின்று தோண்ட வேண்டும். சரிந்து நின்ற பனியோ சிமெண்ட் மாதிரி இறுகிவிடும், நாங்கள் பழகுகிற பனியெல்லாம் அதற்குப் பக்கத்தில் பஞ்சு. அதற்கே எனக்கு மூச்சு வாங்கியது. எங்களில் ஒருவன் ஷவலை வண்டியிலேயே கட்டி வைத்திருந்தான். வண்டியும் சேர்ந்து புதைந்தால்?

இன்னொன்று, எங்கள் கூட்டத்திலேயே நடக்கிற தப்பு. செங்குத்தான சரிவில் யார் உயரம் ஏறுவது என்று போட்டி போட்டு ஒருவன் பாதியில் சிக்கிக்கொள்வான், உதவி செய்கிறேன் என்று அடுத்தவனும் அதே சரிவில் ஏறுவான். ஏற்கெனவே தாங்காத பனியில் இன்னொரு வண்டி எடை! உதவப் போனாலும் மேலே எது தொங்குகிறது என்று பார்த்துத்தான் போக வேண்டும். 2008 டிசம்பரில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஃபெர்னி அருகே புதைந்த நண்பர்களைத் தோண்டிக்கொண்டிருந்தவர்கள் மேலேயே அடுத்த சரிவு வந்தது, மொத்தம் 11 பேரில் 8 பேர் இறந்துபோனார்கள். சியாச்சினுக்கு ஐந்து நாள் முன்னால், 2016 ஜனவரி 29 அன்று அதே மாகாணத்தில் மெக்பிரைட் பக்கம் ஐந்து ஸ்னோமொபைல்காரர்கள் இறந்தார்கள், அது நம்மவர்கள் பலருக்குத் தெரியவே தெரியாது.

பனிச்சரிவு எச்சரிக்கை தரும் அவலாஞ்ச் கனடா அமைப்பு குளிர்காலத்தில் தினமும் அபாய அளவு வெளியிடுகிறது, மொத்தம் ஐந்து படி. மூன்று என்றால் நடுத்தரம்தானே என்று கிளம்பிவிடுகிறார்கள், உண்மையில் அந்தப் படியில் நம் வண்டியே சரிவைக் கிளப்பிவிட வாய்ப்பு அதிகம். அடுத்த முறை செய்தி போடும்போது பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டியில் இதையும் போடுங்கள். இந்தக் குளிருக்குப் புதிதாக மூன்று பேர் எங்களோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், பீக்கன் வாங்கிப் பழகாதவரை டிரக்கில் ஏற்றுவதாக இல்லை.

இப்படிக்கு,
கால்கரி வாசகர்