அது போர் நினைவிடம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுற்றுலாச் சிறப்பிதழில் கம்போடியா கட்டுரை படித்தேன். அங்கோர் வாட்டுக்கு எட்டுப் பக்கம். சரி, கோயில் பெரிதுதான். புனோம் பென் நகரில் உள்ள துவோல் ஸ்லெங்குக்கு மட்டும் ஒரே வரி: “உள்நாட்டுப் போரில் இறந்தவர்களின் நினைவிடம், மனம் கனக்கும் என்பதால் குழந்தைகளுடன் செல்பவர்கள் தவிர்க்கலாம்.” அடுத்த வரியிலேயே இரவுச் சந்தையில் பேரம் பேசப் போய்விட்டார் கட்டுரையாளர்.

போர் முடிந்த பிறகுதான் அந்த இடம் கொலைக்கூடமானது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. 1975 ஏப்ரல் 17 அன்று நகருக்குள் வந்த பொல் பொட்டின் கம்யூனிஸ்ட் படையான கெமர் ரூஜ், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவர்களைக்கூட விடாமல் ஊரையே காலி செய்தது. நான்கே வருடத்துக்குள் பட்டினியிலும் நோயிலும் கொலையிலும் சுமார் 17 லட்சம் பேர் போனார்கள். துவோல் ஸ்லெங் அதற்கு முன் பள்ளிக்கூடம். அதைச் சிறையாக்கி, வகுப்பறைக்குள்ளேயே செங்கல் அடுக்கி, ஒடுக்கமான அறைகள் கட்டியிருக்கிறார்கள். அந்தச் சிறையை நடத்திய டூச் என்பவர் கணக்கு வாத்தியாராக இருந்தவர்! குழந்தைகள் தவிர்க்கலாமாம். அந்தச் சுவரில் இருக்கும் கைதிகளின் படங்களில் குழந்தைகளும் இருக்கிறார்கள், ஐயா.

நான் போனபோது எங்களை அழைத்துப்போன சுற்றுலாக்காரர்கள் அங்கே ஒரு மணி நேரம்கூடத் தரவில்லை. “சாப்பாடு எத்தனை மணிக்கு?” என்று கேட்டவர் எங்கள் குழுவிலேயே இருந்தார். சுற்றிக்காட்டிய அம்மாவின் அப்பாவை அந்தக் காலத்தில் கூட்டிப் போயிருக்கிறார்கள். எங்கே, என்றைக்குச் செத்தார் என்று இன்றுவரை தெரியாதாம். நாம் திதி தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசையில் கொடுப்போமே, அதே சமயத்தில் அவர்களுக்கு பிச்சும் பென் என்று 15 நாள் வருகிறது. விடியுமுன் விகாரையில் சோற்று உருண்டை போடுகிறார்கள். பசியோடு அலைகிற ஆவிகளுக்காம். அப்பா எந்தப் பக்கம் இருக்கிறாரோ என்று ஒரு விகாரையோடு நிறுத்தாமல் நாலைந்துக்குப் போவேன் என்றார் அந்த அம்மா.

கெமர் ரூஜ் தலைவர்கள் நுவோன் சியாவும் கியூ சம்பானும் இனப்படுகொலைக் குற்றவாளிகள் என்று 2018 நவம்பரில் தீர்ப்பு வந்தது. அந்த வாரம் தங்கள் இதழை முன்னும் பின்னும் புரட்டினேன். ஒரு நடிகர் வீட்டுக் கல்யாணம்தான் கிடைத்தது. ஆட்சி போன பிறகும் பல வருடம் ஐ.நா.வில் கம்போடியாவின் நாற்காலி அவர்கள் கையில்தான் இருந்தது என்று முன்பு ஒருமுறை தங்களுக்கு இரண்டு பக்கம் எழுதினேன். அதிலிருந்து “இதழ் அருமை” என்ற இரண்டு வார்த்தையை மட்டும் வெட்டியெடுத்துப் பிரசுரித்தீர்கள். தங்கள் பெருந்தன்மைக்கு நன்றி.

இந்தக் கடிதத்தைப் போடாவிட்டாலும் பரவாயில்லை. “உள்நாட்டுப் போரில் இறந்தவர்கள்” என்பதைத் திருத்தி அடுத்த இதழில் ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள், ராசிபலனுக்குக் கீழே கொசுறாக இல்லாமல். அங்கே அரை நாளாவது வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொண்டால் போகிறவர்களுக்கு உதவும்.

இப்படிக்கு,
நீண்ட நாள் சந்தாதாரர்,
மயிலாடுதுறை