பரீட்சை முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்: அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும் ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

காலாண்டுத் தேர்வு விடைத்தாள்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கும். மதிப்பெண்களைப் பற்றி வகுப்பாசிரியர்கள் உங்களிடம் தனியே பேசுவார்கள். நான் இப்போது எழுதுவது அம்மாக்களின் உடம்பைப் பற்றி. அக்டோபர், மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதம். அம்மா, பாட்டி, அத்தை, சித்தி எல்லோரும் இதைப் படிக்க வேண்டும். அப்பாக்களும் படிக்க வேண்டும். வாசிக்கச் சிரமப்படுகிறவர்கள் வீட்டில் இருந்தால் பிள்ளையே உரக்க வாசித்துக் காட்டட்டும். நம் மாணவிகள் கேட்கக் கூடாத எதுவும் இதில் இல்லை.

பள்ளிக்கூடத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் மகளின் மாற்றுச் சான்றிதழ் வாங்க ஓர் அம்மா என் அறைக்கு வந்தார். மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண். பதிவேட்டில் கையெழுத்துப் போட அவர் குனிந்தபோதுதான் கவனித்தேன். இடது கை நிறையக் கண்ணாடி வளையல். வலது கையில் ஒன்றுகூட இல்லை, வளையல் ஏற முடியாத அளவுக்கு வீங்கியிருந்தது. விசாரித்தேன். மார்பில் கட்டி தட்டுப்பட்டது நவராத்திரி சமயத்தில். "பிள்ளைக்குப் பரீட்சை வருஷம் டீச்சர். சொன்னா அவ படிப்பு கெட்டுடும். முடியட்டும்னு இருந்துட்டேன்" என்றார். அதற்குள் நோய் அக்குள் வரை போயிருந்தது.

இதே பேச்சை அப்புறம் வேறு வீடுகளிலும் கேட்டுவிட்டேன். பரீட்சை முடியட்டும், தீபாவளி போகட்டும், அறுவடை ஆகட்டும், மூத்தவளுக்குக் கல்யாணம் முடியட்டும். உங்கள் பிள்ளையின் படிப்பைக் காரணமாக வைத்து உங்கள் வைத்தியத்தைத் தள்ளிப்போடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்தக் கடிதம்.

உலக சுகாதார நிறுவனம் 2021-ல் மார்பகப் புற்றுநோய்க்கென்று ஒரு திட்டம் தொடங்கியது. ஒரு பெண் முதன்முதலாக மருத்துவரிடம் காட்டிய நாளிலிருந்து 60 நாளுக்குள் என்ன நோய் என்று உறுதியாகிவிட வேண்டும், மூன்று மாதத்துக்குள் சிகிச்சை தொடங்கிவிட வேண்டும் என்பது அதில் சொல்லப்பட்ட கணக்கு. அக்டோபரில் தட்டுப்பட்ட கட்டியை ஏப்ரல் வரை மறைத்து வைத்தால் மருத்துவரைப் பார்க்கும் முன்பே ஆறு மாதம் போய்விடுகிறது. அதே அக்டோபரில் காட்டியிருந்தால் கட்டியை மட்டும் எடுத்து மார்பைக் காப்பாற்றக்கூட வாய்ப்பு இருந்திருக்கும்.

இந்தியப் பெண்களிடையே இன்று அதிகம் காணப்படும் புற்றுநோய் இதுதான். 2022-ல் மட்டும் நம் நாட்டில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்குப் புதிதாகக் கண்டறியப்பட்டது. அந்த ஆண்டில் சுமார் 98,000 பேர் இதனால் இறந்தார்கள். வசதியான நாடுகளில் நோய் தெரிந்து ஐந்து வருடம் கடந்தும் உயிரோடு இருப்பவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல். இந்தியாவில் அறுபத்தாறு. நாம் தாமதமாக வருகிறோம், பாதியில் சிகிச்சையை நிறுத்திவிடுகிறோம். இந்த வித்தியாசத்தின் பெரும்பகுதி இந்த இரண்டில் அடங்கிவிடும். இன்னொன்றையும் கவனியுங்கள். மேலைநாட்டுப் பெண்களைவிட நம் பெண்களுக்கு இந்த நோய் சுமார் பத்து வருடம் முன்னதாகவே வருகிறது, நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்களுக்கு அதே வயதுதான்.

சரி, யாருக்கு வரும்? கூட்டங்களில் அம்மாக்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். பெண்ணாகப் பிறந்ததும் வயது ஏறுவதும்தான் பெரிய காரணங்கள். நோய் வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு, பெண் என்பதையும் நாற்பதைத் தாண்டிய வயதையும் தவிர வேறு எந்தக் காரணமும் சுட்டிக்காட்ட முடிவதில்லை. ஆகவே "எங்க வம்சத்துலயே யாருக்கும் கிடையாது" என்று நிம்மதியாக இருக்க முடியாது. பன்னிரண்டு வயதுக்கு முன் பூப்படைந்தவர்கள், ஐம்பத்தைந்துக்குப் பிறகும் மாதவிடாய் நிற்காதவர்கள், முப்பதுக்கு மேல் முதல் குழந்தை பெற்றவர்கள், குழந்தை பெறாதவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். இவை எதுவும் நம் கையில் இல்லை. மாதவிடாய் நின்ற பிறகு உடல் எடை கூடுவது, உட்கார்ந்தே இருப்பது, மது, வருடக்கணக்கில் எடுக்கும் சில ஹார்மோன் மாத்திரைகள் ஆகியவை ஓரளவு நம் கையில் உள்ளவை. தினமும் அரைமணி நேரம் வேகமாக நடப்பதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, அம்மாக்களே.

தாய்ப்பால் கொடுப்பது பாதுகாப்பு தருகிறது. 30 நாடுகளில் நடந்த 47 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2002-ல் வெளியான முடிவு, ஒரு பெண் மொத்தமாகப் பால் கொடுத்த ஒவ்வொரு 12 மாதத்துக்கும் ஆபத்து சுமார் 4 சதவீதம் குறைவதாகச் சொல்கிறது. ஆனால் இதைத் திருப்பிப் போட்டு, நோய் வந்தவரைப் பார்த்து "நீ ஒழுங்காப் பால் குடுத்திருந்தா வந்திருக்காது" என்று பேசுவது கொடுமை. மூன்று பிள்ளைகளுக்கும் இரண்டிரண்டு வருடம் பால் கொடுத்தவர்களுக்கும் இந்த நோய் வந்திருக்கிறது.

பரம்பரை விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊரில் இதை மூடி மறைப்பதற்கு முக்கியக் காரணமே இதுதான். அம்மாவுக்கு இந்த நோய் என்று தெரிந்தால் மகளுக்கு வரன் அமையாது என்ற பயம். நோய் வந்த நூறு பேரில் ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் பிறவியிலேயே வந்த மரபணு மாற்றம் காரணம். அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ இருந்தால் மற்றவர்களைவிட வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு, அதனால் கூடுதல் கவனம் தேவை, அவ்வளவுதான். அந்த மரபணு மாற்றம் அப்பா வழியிலும் வரும். அத்தைக்கு இருந்ததா என்றும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மறைத்தால் பாதிக்கப்படுவது அந்த மகள்தான். அவள் எந்த வயதிலிருந்து பரிசோதனைக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்ய மருத்துவருக்கு இந்த விவரம் வேண்டும்.

ஒருநாள் மதிய உணவு வேளையில் வராந்தாவின் கடைசித் தூணருகே ஒரு சின்னப் பெண் தனியாக உட்கார்ந்து புளிச்சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வழக்கமாக ஐந்தாறு பேர் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் டப்பாவிலிருந்து மற்றவர் எடுத்துச் சாப்பிடுகிற கூட்டம் அது. "அவங்க அம்மாவுக்கு கேன்சராம், அவ டப்பாவுல கை வைக்கக் கூடாதுன்னு எங்க வீட்டுல சொன்னாங்க" என்றது மற்றொரு குழந்தை. புற்றுநோய் தொற்றாது. தொட்டால், ஒரே தட்டில் சாப்பிட்டால், ஒரே டம்ளரில் குடித்தால், எதனாலும் ஒட்டாது. தயவுசெய்து இந்த ஒன்றையாவது இன்றிரவே உங்கள் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அந்தக் குழந்தை அன்று சாப்பிட்ட விதத்தை என்னால் மறக்க முடியவில்லை.

என்ன அறிகுறி? பெரும்பாலும் வலிக்காத கட்டி. வலி இல்லாததால்தான் நாட்களைக் கடத்துகிறோம். கடினமாக, நகராமல், மார்பிலோ அக்குளிலோ இருக்கும். மார்பின் தோல் ஆரஞ்சுப் பழத்தோல் மாதிரிக் குழி குழியாவது, காம்பு புதிதாக உள்ளிழுத்துக்கொள்வது, காம்பிலிருந்து ரத்தமோ நீரோ கசிவது, காம்பைச் சுற்றி ஆறாத புண், ஒரு பக்கம் மட்டும் அளவு மாறுவது இவையும் காட்ட வேண்டியவை. பால் கொடுக்கும் தாய்மார்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். "பால் கட்டியிருக்கு" என்று மல்லிகைப்பூவை வைத்துக் கட்டுவதும் பத்துப் போடுவதும் நம் பக்கத்து வழக்கம். பால்கட்டு என்றால் சில நாளில் கரைந்துவிடும். இரண்டு வாரத்துக்கு மேல் அப்படியே இருக்கும் கட்டி எதுவானாலும் மருத்துவர் கை வைத்துப் பார்க்க வேண்டும்.

பயந்துவிடவும் வேண்டாம். மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. இளம் பெண்களுக்கு வரும் உருண்டையான, நழுவும் கட்டிகள் அநேகமாகச் சாதாரணக் கட்டிகள்தான். ஆனால் எது எது என்று நாமே தீர்மானிக்க முடியாது.

மாதவிடாய் முடிந்த சில நாள் கழித்து, குளிக்கும்போது சோப்புக் கையால், விரல் நுனியை விட்டுவிட்டு மூன்று விரல்களின் தட்டையான பகுதியால் மார்பையும் அக்குளையும் தடவிப் பாருங்கள். உங்கள் உடம்பு வழக்கமாக எப்படி இருக்கும் என்று உங்களுக்கே பழகிவிட்டால் மாறுதல் சட்டென்று தெரியும். இதைச் செய்துவிட்டோம், மருத்துவரிடம் போக வேண்டாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். முப்பது வயது தாண்டிய பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மார்பகப் பரிசோதனையும் கருப்பைவாய்ப் பரிசோதனையும் இலவசமாகச் செய்கிறார்கள். பெரிய இயந்திரம் இல்லாமல் கையால் பார்ப்பதில் என்ன தெரியும் என்று நினைக்க வேண்டாம். மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1998-ல் தொடங்கி இருபது ஆண்டு, ஒன்றரை லட்சம் பெண்களிடம் ஓர் ஆய்வு நடத்தியது. பயிற்சி பெற்ற சாதாரண சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கையால் பரிசோதித்தார்கள். ஐம்பதும் அதற்கு மேலும் வயதான பெண்களில் இந்த நோயால் வரும் மரணம் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்தது. நம் கிராம சுகாதாரச் செவிலியர் வீட்டுக்கு வரும்போது "எனக்கு ஒண்ணும் இல்லம்மா" என்று திருப்பி அனுப்புகிறோமே, அவர் கையில் இருப்பது இவ்வளவு பெரிய விஷயம்.

ஊசி குத்திச் சதை எடுத்தால் நோய் பரவிவிடும், கத்தி பட்டால் பரவிவிடும் என்று சொல்வார்கள். நம்பாதீர்கள். ஊசிப் பரிசோதனை செய்யாமல் என்ன வகை நோய், எந்த மருந்து என்று முடிவு செய்ய முடியாது. கீமோ என்கிற புற்றுநோய் மருந்து ஊசியில் முடி கொட்டும், திரும்ப வளரும். பெரும்பாலும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடுவார்கள். தேதி முன்கூட்டியே தெரியும், அதற்கேற்ப வீட்டு வேலையையும் பிள்ளையின் படிப்பையும் திட்டமிட்டுக்கொள்ளலாம். கதிர்வீச்சு சிகிச்சை தஞ்சாவூரிலும் மதுரையிலும் அரசு மருத்துவமனைகளிலேயே இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. அட்டை எடுக்காதவர்கள் நோய் வரும்வரை காத்திருக்காமல் இப்போதே எடுத்து வையுங்கள்.

நம் புதுக்கோட்டையில் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. ஆண்கள் மட்டுமே படித்த மன்னர் கல்லூரியில் எதிர்ப்புகளுக்கு நடுவே படித்து மருத்துவரானார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம்தான் 1954-ல் சென்னை அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கும் வரை அவரைக் கொண்டுபோனது. அடுத்த ஆண்டே அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா 2021-ல் மறையும் வரை அந்த மருத்துவமனையே வாழ்வாக இருந்தார். இதை ஒவ்வொரு வருடமும் மாணவிகளுக்குச் சொல்கிறேன். அவர்கள் அம்மாக்களுக்கும் தெரியட்டும்.

இந்த மாதம் நான்காம் சனிக்கிழமை காலை 10 மணிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து பெண் மருத்துவரும் செவிலியர்களும் நம் பள்ளிக்கு வருகிறார்கள். நூலக அறையில் திரை கட்டித் தனித்தனியாகப் பரிசோதனை நடக்கும். ஆண்கள் யாரும் அந்தப் பக்கம் வர மாட்டார்கள். முப்பது வயதுக்கு மேற்பட்ட எந்தப் பெண்ணும் வரலாம், பள்ளியில் பிள்ளை படிக்க வேண்டும் என்பதில்லை. பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டி வாருங்கள். அப்பாக்களே, அன்று ஒரு வேளை அடுப்பைப் பார்த்துக்கொண்டு அம்மாவை அனுப்பி வையுங்கள். ஆண்களுக்கும் இந்த நோய் அரிதாக வரும். உங்கள் மார்பில் கட்டி தெரிந்தால் நீங்களும் வெட்கப்படாமல் காட்டுங்கள்.

ஏற்கெனவே சிகிச்சையில் இருக்கும் அம்மாக்கள் வகுப்பாசிரியரிடமோ என்னிடமோ ஒரு வார்த்தை சொன்னால் போதும், விஷயம் எங்களைத் தாண்டிப் போகாது. மருத்துவமனைக்குத் துணை போகும் நாட்களில் பிள்ளைக்கு விடுப்பு, ரெக்கார்டு நோட்டுக்குக் கூடுதல் நாள், விட்டுப்போன பாடத்துக்கு மாலையில் தனி நேரம், எல்லாவற்றுக்கும் ஆசிரியர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்தால் பிள்ளை படிக்காது என்பது உண்மையல்ல. வீட்டில் ஏதோ நடக்கிறது, யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள் என்ற நிலையில்தான் பிள்ளைகள் கலங்கிப்போகிறார்கள். வயதுக்கு ஏற்றபடி சொல்லிவிடுங்கள். எப்படிச் சொல்வது என்று தெரியாவிட்டால் வாருங்கள், சேர்ந்தே சொல்லலாம்.

சனிக்கிழமை வர முடியாதவர்கள் எந்த வேலை நாளிலும் காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகலாம். சந்தேகம் கேட்க 104 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். கீழே உள்ள துண்டுச் சீட்டில் வருகிறவர்களின் எண்ணிக்கையை மட்டும் எழுதி, பெயர் வேண்டாம், புதன்கிழமைக்குள் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்
அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளி
புதுக்கோட்டை மாவட்டம்