பட்டியலில் ஏறாத பெயர்கள்

கடலூர் முதுநகர்,
4.1.2026

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியைச் சொன்னதும் வீட்டில் ஒரே கொண்டாட்டம். பொங்கல் கழிந்ததும் எல்லோருமாகப் புதுச்சேரி லாஸ்பேட்டைக்கு வருகிறோம். என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, அதை விடு. வாக்காளர் பட்டியலில் இப்போது நடக்கும் சிறப்புத் தீவிரத் திருத்தத்தைப் பற்றி நீ கேட்டதற்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன்.

"செத்தவர், ஊரை விட்டுப் போனவர் பெயரை நீக்கினால் என்ன தவறு?" என்று கேட்டிருக்கிறாய். தவறே இல்லை. இறந்தவர் பெயரில் கள்ள ஓட்டு விழுந்த கதைகளை நாம் இருவரும் எத்தனை கேட்டிருக்கிறோம். ஆனால் டிசம்பர் 19 அன்று வந்த தமிழக வரைவுப் பட்டியலில் விடுபட்டவை 97 லட்சத்துக்கும் மேல். இறந்தவர்கள் ஏறத்தாழ 27 லட்சம். 66 லட்சத்துக்கு மேற்பட்டோர் இடம் மாறியவர்கள், முகவரியில் இல்லாதவர்கள் என்ற கணக்கில் போயிருக்கிறார்கள். எனக்கு உறுத்துவது அந்தக் கணக்குதான்.

எங்கள் கடற்கரையை நினைத்துப் பார். முந்தைய தீவிரத் திருத்தம் நடந்த 2002, 2005 பட்டியலில் உன் பெயரோ பெற்றோர் பெயரோ எங்கே இருக்கிறது என்று, வீடு வீடாகக் கொடுத்த படிவம் கேட்டது. 2004 டிசம்பரில் சுனாமி வந்து குப்பங்களை வாரிக்கொண்டு போனது. பிறகு பல குடும்பங்களை அரசே வேறு இடத்தில் வீடு கட்டிக் குடியமர்த்தியது. பழைய பட்டியலில் இருக்கும் தெரு சிலருக்கு இன்று தரையிலேயே இல்லை. எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்கா விடியுமுன் துறைமுகத்துக்குப் போய்விடுவார்; திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடும். படிவம் கொடுக்க வந்தவர்கள் பார்த்தது பூட்டிய கதவை. வரைவில் அவர் பெயர் இல்லை. வந்தவர்களையும் குறை சொல்ல மனம் வரவில்லை. சொந்த வேலையோடு இதையும் தலையில் சுமந்து தெருத்தெருவாக அலைந்தவர்கள் அவர்கள்.

இப்போது அவர் படிவம் 6 நிரப்ப வேண்டும். பதினெட்டு வயது நிரம்பிய பிள்ளை முதல் தடவை பெயர் சேர்க்கக் கொடுக்கும் படிவம் அது. பேரன் பேத்தி எடுத்தவர், ஒரு தேர்தலையும் தவறவிடாதவர், புதிய வாக்காளராக மனுப் போடுகிறார். நிரப்பும்போது எனக்குக் கை நடுங்கியது, கோபத்தில்.

பட்டியலில் இருக்கும் ஒருவரை, ஊரில் வசிக்கவில்லை என்று சொல்லி நீக்குவதற்கு முன் அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்று 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு சொல்கிறது. இந்தத் திருத்தத்திலோ படிவம் திரும்பி வராவிட்டாலே வரைவில் பெயர் ஏறவில்லை. இருக்கிறேன் என்று நிரூபிக்கும் பாரம் முழுவதும் குடிமகன் தலையில். பீகாரில் 65 லட்சம் பெயர்கள் விடுபட்டபோது, காரணத்தோடு அவற்றை வெளியிடச் சொல்லி உச்ச நீதிமன்றம் சென்ற ஆகஸ்டில் உத்தரவிட வேண்டியிருந்தது.

முதல் பொதுத்தேர்தலின்போதும் இப்படி ஒன்று நடந்தது. அன்னியரிடம் சொந்தப் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டும் பதிந்திருந்த பெண்கள், பெரும்பாலும் வட மாநிலங்களில், ஏறத்தாழ 28 லட்சம் பேர் பட்டியலில் இடம் இழந்தார்கள். சட்டம் அவர்களுக்கு வாக்குரிமை கொடுத்திருந்தது, பட்டியல் கொடுக்கவில்லை.

உன் ஊர்க்காரர்களுக்கு இதன் அருமை கூடுதலாகத் தெரிய வேண்டும். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரி இந்தியாவோடு சேர்வதா என்று முடிவு செய்ய, 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் வாக்களித்தவர்கள் 178 பிரதிநிதிகள் மட்டுமே. 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். முடிவு நல்ல முடிவுதான். ஆனாலும் அன்று வலை இழுத்தவனுக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் நேரடியாக ஒரு சீட்டு கையில் கிடைக்கவில்லை. இன்று அவன் பேரனுக்கு அது இருக்கிறது. ஒரு பூட்டிய கதவுக்காக அது போகக் கூடாது.

உங்கள் புதுச்சேரியில் பெயர் சேர்க்க ஜனவரி 15 வரை அவகாசம் இருக்கிறது. உன் தெரு வாக்குச்சாவடியின் வரைவுப் பட்டியலையும், விடுபட்டோர் பட்டியலையும் வாங்கிப் படி. உன் பெயர் இருக்கிறதே என்று திருப்தி அடைந்துவிடாதே. பின்சந்தில் வாடகைக்கு இருப்பவர்கள், தனியாக இருக்கும் வயதானவர்கள், திருமணமாகி உன் தெருவுக்கு வந்த பெண்கள், இவர்கள் பெயரைத் தேடு. இல்லாதவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடு. ஒப்புகைச் சீட்டை வாங்காமல் வராதே. உன் கையெழுத்து என்னுடையதை விட நன்றாக இருக்கும்.

மீன்கார அக்காவின் மனுவுக்கு விசாரணை வந்தால் நானும் உடன் போவேன். என்ன ஆயிற்று என்று நேரில் வரும்போது சொல்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்