அன்று ஹெட்ஃபோனைக் கழற்றியது பற்றி

அக்கா,

வரும் சனிக்கிழமையோடு நம் வானொலி நிகழ்ச்சியிலிருந்து நின்றுகொள்கிறேன். நேற்றுதான் எழுதிக் கொடுத்தேன். இதற்குள் யாராவது உங்கள் காதில் போட்டிருப்பார்கள், அந்தக் கட்டடத்தில் எந்தச் செய்தி தங்கியிருக்கிறது? இருந்தாலும் நானே சொல்லவேண்டும் என்று தோன்றியது. நீங்கள் போனபோது எனக்குச் சொல்லவில்லை என்று குத்திக்காட்டுவதாக நினைக்காதீர்கள். சரி, குத்திக்காட்டத்தான் செய்கிறேன்.

பொதுவில் எழுத எனக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது. உங்கள் பழைய எண் இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது, மின்னஞ்சல் திரும்பி வருகிறது. ஆனால் நீங்கள் இன்னும் கேட்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன்னால், வாயேஜர் 1 விண்கலம் கிளம்பியது 1977 ஆகஸ்டில் என்று நான் உளறிவைத்தேன். இரண்டாவது நிமிடமே நேயர் எண்ணுக்குக் குறுஞ்செய்தி: ‘செப்டம்பர் 5. ஆகஸ்ட் 20-இல் போனது வாயேஜர் 2.’ பெயர் இல்லை. திரையில் எண்ணின் கடைசி நான்கு இலக்கம்தான் எங்களுக்குத் தெரியும். சனிக்கிழமை காலையில் முற்றுப்புள்ளியெல்லாம் வைத்துத் திருத்துகிற நேயர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். ஒலிபரப்பிலேயே திருத்திக்கொண்டேன். நன்றி சொல்லவில்லை.

உங்களைப் பற்றிப் பேசிய அந்த மீட்டிங்கைப் பற்றி எழுதப்போவதில்லை. அதில் இருந்தவர்களில் சிலர் இதைப் படிப்பார்கள், சிலர் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறார்கள். அதற்கு முந்தைய சனிக்கிழமையைத்தான் எழுதவேண்டும். 2017 செப்டம்பர் 16.

முந்தின நாள் வெள்ளிக்கிழமை காசினி விண்கலம் சனிக் கோளுக்குள் விழுந்து எரிந்துபோயிருந்தது. சனியில் விழுந்ததைச் சனிக்கிழமை சொல்கிறோம் என்று வாரம் முழுக்க அலட்டிக்கொண்டிருந்தேன். “அந்தச் சிலேடையை மைக் முன்னால் சொன்னால் உன் ஒலியை ஃபேடரில் இறக்கிவிடுவேன்” என்றீர்கள். ஒரு மாதமாக அந்தப் பன்னிரண்டு நிமிடத்தைத் தயார் செய்திருந்தேன். 1997-இல் கிளம்பி, ஏழு வருடம் பயணம் செய்து, பதின்மூன்று வருடம் சனியைச் சுற்றிய ஒரு கலம். எரிபொருள் தீரும் நிலை. அப்படியே விட்டால் என்றைக்காவது என்செலடஸ் மீது மோதலாம். அந்த நிலாவின் பனிக்கட்டிக்கு அடியில் கடல் இருப்பதைக் காட்டிக்கொடுத்ததே இந்தக் கலம்தான். பூமியிலிருந்து ஒட்டிக்கொண்டு போன கிருமி ஏதாவது அங்கே போய்ச் சேர்ந்துவிடக்கூடாது என்று, அதைக் கோளுக்குள்ளேயே தள்ளி முடித்தார்கள். இதையெல்லாம் மூன்று நிமிடத்தில் சொல்லமுடியாது என்று அன்றைக்கு நம்பினேன். இன்றைக்கும் பாதி நம்புகிறேன்.

எட்டு மணி நாட்டுநடப்பு ஒன்பது நிமிடம் இழுத்துவிட்டது. இரண்டு விருந்தினர்களும் ஒருவரை ஒருவர் பேசவிடவில்லை, நீங்களும் வெட்டவில்லை. சண்டை நன்றாகப் போனால் வெட்டமாட்டீர்கள் என்று எல்லோருக்கும் தெரியும். புத்தகப் பகுதியை அரைகுறையாக முடித்து, ஒன்பதே முக்காலுக்குக் குழல் கலைஞரை உட்காரவைக்க வேண்டும். ஒன்பது இருபத்தெட்டுக்கு நான் காசினியை ஆரம்பித்தேன். கண்ணாடிக்கு அப்பாலிருந்து என் ஹெட்ஃபோனுக்கு மட்டும் வரும் டாக்பேக்கில் உங்கள் குரல்: “மூணு நிமிஷத்துல முடி. அவர் காத்துக்கிட்டிருக்கார்.”

ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜையில் வைத்தேன்.

மறந்தாற்போல ஒன்றும் செய்யவில்லை. உங்களைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டேதான் கழற்றினேன். கவிழ்த்து வைத்த ஹெட்ஃபோனிலிருந்து உங்கள் குரல் கொசு மாதிரி கேட்டது. மைக்கில் விழுந்துவிடுமோ என்று ஒரு கையால் அதை மூடிக்கொண்டு பேசினேன். அந்தக் கை வியர்த்தது இப்போதும் நினைவிருக்கிறது. இருபது வாட் டிரான்ஸ்மிட்டர், ஒரு சின்ன பல்பு எரிகிற அளவு சக்தி, கிட்டத்தட்ட 150 கோடி கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து கடைசிவரை பேசிக்கொண்டிருந்தது என்றேன். சிக்னல் பூமிக்கு வந்துசேர 83 நிமிடம் ஆகும், அதனால் இங்கே அது நின்றபோது அங்கே கலம் அழிந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது என்றேன். அப்புறம் நான்கு வினாடி எதுவும் பேசவில்லை. வேண்டுமென்றேதான். நீங்கள் டெட் ஏர், ஒலிபரப்பில் சத்தமே இல்லை என்று கத்துவீர்கள் என்று நினைத்தேன். உள்ளங்கைக்குக் கீழே சத்தமே இல்லை.

மொத்தம் பதினெட்டு நிமிடம் பேசியிருக்கிறேன். அதற்குப் பிறகு ஒரு விளம்பரத் தொகுப்பு, நன்றியுரை. நடுவில் மிச்சம் ஏழு நிமிடம். “ஏழு நிமிஷத்துல ஆலாபனை பண்ணுங்கனு அந்த மனுஷன்கிட்ட நான் போய்ச் சொல்லமாட்டேன்” என்று கோப்பில் இருந்த ஒரு பதிவைப் போட்டீர்கள். நீங்களே வெளியே போய் அவரிடம் பேசினீர்கள். நான் போகவில்லை. நேயர்களின் குறுஞ்செய்திகளைப் படித்துக்கொண்டிருந்தேன். நிறைய வந்திருந்தன. எல்லாம் பாராட்டு. அந்தத் துணிச்சலில்தான் அடுத்த வாரம் மீட்டிங்கில் அப்படிப் பேசினேன். “இவங்களுக்கு அறிவியல்னா இட்டு நிரப்புற சமாச்சாரம்” என்று சொன்னது நான்தான். மற்றவற்றைச் சொன்னது நானில்லை. அது உங்களுக்குத் தெரியுமா என்று இத்தனை வருடமாகத் தெரியாமலே இருக்கிறேன்.

போன வாரம் லாக்கரைக் காலி செய்தேன். பழைய கியூ ஷீட்டுகள், எந்த நிமிடத்தில் எது என்று குறித்த தாள்கள், ஒரு கட்டு. செப்டம்பர் 16-உம் அதில் இருந்தது. நான் அன்று அதில் என் பகுதியை மட்டும்தான் பார்த்திருக்கிறேன் போல. ஒன்பது நாற்பத்தைந்துக்கு எதிரில் உங்கள் பென்சில் எழுத்து: ‘ஏசியில் குழல் சுருதி இறங்கும். ஊதிச் சூடு பண்ணிக்கொண்டே இருப்பார். ஏன் என்று அவரிடமே கேள். பிறகு நீ ஒலியின் வேகத்தைச் சொல். பிறகு அவர் வாசிக்கட்டும்.’

ஒரு டிகிரி கூடினால் காற்றில் ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 0.6 மீட்டர் கூடும். குழலுக்குள் இருக்கும் காற்று சூடானால் சுருதி ஏறும், ஆறினால் இறங்கும். அதைக் கேட்க அவரைவிட நல்ல ஆள் யார்? அவர் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து, வாசிக்காமல், குழலுக்குள் மூச்சை மட்டும் விட்டுக்கொண்டிருந்ததை நான் உள்ளே வரும்போது பார்த்தேன். பதற்றம் என்று நினைத்தேன். அறிவியலும் கலையும் தனித்தனி அறை இல்லை என்று எனக்குப் பாடம் எடுத்தவர் நீங்கள். நான் அன்றைக்குக் கதவைச் சாத்திவிட்டு, நீங்கள் சாத்தியதாக எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

அதற்காக மன்னிப்புக் கேட்கிறேன். பதினெட்டு நிமிடத்துக்காகக் கேட்கமாட்டேன்.

உங்கள் நாற்காலி எனக்கு வந்தபிறகு என்ன ஆனது என்று கேட்பீர்கள். இப்போது நான்தான் வெட்டுகிறேன். அறிவியல் பகுதிக்கு வரும் அந்தப் பெண், கருந்துளையின் முதல் படத்தைப் பற்றி ஐந்து நிமிடம் கேட்டாள், இரண்டு கொடுத்தேன். 2019 ஏப்ரலில் வந்த படத்துக்கு இப்போது என்ன அவசரம் என்று டாக்பேக்கில் சொன்னேன். அவள் ஹெட்ஃபோனைக் கழற்றவில்லை. இரண்டு நிமிடத்தில் ஒழுங்காக முடித்தாள். அன்று வீட்டுக்குப் போய் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். என்ன எதிர்பார்த்தேன் என்று எனக்கே புரியவில்லை.

அலிஸ்டர் குக் பிபிசியில் 1946-இல் வாராந்திரப் பேச்சை ஆரம்பித்து 2004-இல் தொண்ணூற்றைந்து வயதில்தான் நிறுத்தினார், நீயும் அப்படி இரு என்பீர்கள். அவரிடம் ஒரு மைக்தான் இருந்தது அக்கா. கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்த பிறகும் அவர் அவ்வளவு காலம் இருந்திருப்பாரா? தவிர, அந்த அறிவுரையைச் சொன்னவர் ஆறே வாரத்தில் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டார். உங்கள் மேஜையில் ஸ்டாப் வாட்ச் மட்டும் இருந்தது. எனக்காக வைத்தீர்களா, மறந்துவிட்டீர்களா? எடுத்து வைத்துக்கொண்டேன். பாட்டரி இரண்டு முறை மாற்றியிருக்கிறேன்.

கடைசி நிகழ்ச்சிக்குக் குழல் கலைஞரைக் கூப்பிட்டேன். பெயரைச் சொன்னேன், அவருக்கு என்னை நினைவில்லை. காசினியும் நினைவில்லை. “வெளிய வந்து என் பக்கத்துல உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டாங்களே, அந்த அம்மா இருக்காங்களா?” என்றார். கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

அவருக்கு ஒன்பது மணிச் செய்தி முடிந்ததும் இருபத்தைந்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறேன். நாட்டுநடப்பு எவ்வளவு இழுத்தாலும் அதில் கைவைக்கமாட்டேன். எட்டரைக்கே உள்ளே உட்காரவைத்து, ஏசியைக் குறைக்கச் சொல்லியிருக்கிறேன். உங்கள் கேள்வியை உங்கள் வரிசையிலேயே கேட்கப்போகிறேன், கேட்க வேறு ஆள் வராவிட்டால். வாசலில் உங்கள் பெயர் கொடுத்திருக்கிறது.