ஸ்கீ வாங்கப்போகும் மகளுக்கு

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பு மகளுக்கு,

வாடகைக்கு எடுத்துச் சறுக்கியது போதும், இந்தக் குளிர்காலம் சொந்தமாக ஒரு சோடி ஸ்கீ, அதாவது பனிச்சறுக்குப் பலகை, வாங்கப்போகிறேன் என்று நீ எழுதியிருந்ததைப் படித்ததும், சுவிற்சர்லாந்தின் கிரிண்டல்வால்டில் ஒரு வாடகைக் கடையின் பின்னறையில் ஓரத் தகடுகளைத் தீட்டியும் அடிப்பக்கத்துக்கு மெழுகு பூசியும் நான் கழித்த 11 குளிர்காலங்களும் கண்முன்னே வந்தன. அந்த அனுபவத்தைக் கொண்டே இதை எழுதுகிறேன்.

காலுக்குக் கீழே 100 மில்லிமீற்றருக்கு மேல் அகலமுள்ள பலகையை வாங்கும்படி உன் தோழிகள் சொல்கிறார்களாம். அது உனக்கு வேண்டாம், மகள். அகன்ற பலகை ஆழமான புதுப்பனிக்கென்று செய்யப்பட்டது. உழுத வயலின் சேற்றில் பரம்புப் பலகை புதையாமல் போவதைப்போல அது பனியின்மேல் மிதந்து போகும். ஆனால் நீ சறுக்குவதோ, இரவில் இயந்திரம் ஓட்டிச் செப்பனிட்ட சரிவுகளில். காலையில் அந்தப் பனி கல்லாக இறுகிக் கிடக்கும். அங்கே பலகை மிதக்க வேண்டியதில்லை, நீ சாய்ந்த கணமே அதன் ஓரத் தகடு பனியைக் கடிக்க வேண்டும். சப்பாத்தைவிட வெகுவாக அகன்ற பலகையை அப்படிச் சாய்த்துப் பிடிக்க முழங்கால்தான் பாடுபடும். 70 முதல் 80 மில்லிமீற்றர் வரை இருந்தால் உனக்குப் போதும். பங்குனி மாதப் பிற்பகலில் பனி இளகிக் கூழாகும்போது சற்றுச் சிரமப்படுவாய், அதைப் பொறுத்துக்கொள்.

நீளத்தைப் பொறுத்தவரை, முன்பு இரண்டு மீற்றருக்கு மேற்பட்ட நேரான பலகைகளில் சறுக்கினார்கள். 1990களில் இடை ஒடுங்கிய பலகைகள் பரவிய பின்னர் அந்த நீளம் தேவைப்படவில்லை. உன் 165 சென்ரிமீற்றர் உயரத்துக்கு, நாடிக்கும் மூக்குக்கும் இடையே வரும் 150 அளவில் ஒன்றைப் பார். குறுகிய வளைவுகளில் திரும்புவதுதான் உனக்குப் பிடிக்கும் என்பதால், பலகையில் எழுதியிருக்கும் திரும்பும் ஆரை, அதாவது சாய்த்தால் அது போடும் வளைவின் ஆரை, 13 முதல் 15 மீற்றருக்குள் இருக்கட்டும். உள்ளே உலோகத் தகடு வைத்த விறைப்பான பலகைகள் வேகமாகப் போகும் பாரமான ஆட்களுக்கு உறுதி தரும். மெதுவாகத் திரும்புகிறவரின் சொல்லை அவை கேட்பதில்லை. நுனி மட்டும் சற்று மேலெழுந்து, நடுப்பகுதி வில்லாக வளைந்திருப்பது உனக்கு இசைவாக இருக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பு சப்பாத்தை வாங்கு. காசு போதாவிட்டால் பலகையை இன்னொரு வருடம் வாடகைக்கு எடுத்தாலும் பரவாயில்லை. நிமிர்ந்து நின்றால் விரல்நுனி முன்பக்கத்தைத் தொட வேண்டும், முழங்காலை மடக்கினால் விலக வேண்டும், குதிகால் ஒருபோதும் மேலே எழக் கூடாது. தளர்வான சப்பாத்துக்குள் கால் திரும்பினாலும் பலகை திரும்பாது. அதன் அடிப்பகுதி, சப்பாத்தைப் பலகையோடு பிணைக்கும் பூட்டான பைண்டிங்குக்குப் பொருந்துகிறதா என்று கடையில் கட்டாயம் கேட்டுக்கொள்.

பைண்டிங்கைப் பற்றி எழுதும்போது இன்றும் என் மனம் கனக்கிறது. தான் நன்றாகச் சறுக்குகிறவன் என்று ஒரு பையன் சொன்னான்; அவன் கேட்ட அளவுக்கு, மறுகேள்வி கேளாமல், நான் இறுக்கிக் கொடுத்தேன். மெதுவாகத்தான் விழுந்தான், ஆனால் பலகை கழன்று விடவில்லை. கீழ்க்கால் எலும்பு முறிந்தது. உயரம், நிறை, வயது, சப்பாத்தின் அடி நீளம், சறுக்கும் விதம் ஆகிய ஐந்தையும் பார்த்தே பைண்டிங்கின் இறுக்கத்தைக் காட்டும் எண்ணைத் தீர்மானிப்பார்கள். இரண்டு குளிர்காலம் மட்டுமே சறுக்கியிருக்கிறேன் என்பதைத் தயங்காமல் சொல். நிறையையும் குறைத்துச் சொல்லாதே. தளர்வாக வைத்தால் ஓடும்போதே பலகை கழன்றுவிடும். அவர்கள் வைத்துத் தரும் எண்ணை நீயாக மாற்றவும் வேண்டாம்.

வாங்குவதற்கு முன்பு பலகையின் படத்தையும் அளவுகளையும் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா